முப்பதாயிரம் ரூபாயில் எட்டு வயது கேமிங் கணினி: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

2017ஆம் ஆண்டின் கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்துக் கட்டிய கணினி இன்னும் என் மேசையடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 6 ஜிபி நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி), 1080பி மானிட்டர் ஆகியவற்றோடு பிற்பாடு சேர்த்த ஒரு சிறிய எஸ்எஸ்டியும் அதில் உண்டு. அந்தக் காலத்தில் அளவான பணத்தில் கேமிங்குக்காகக் கட்டப்பட்ட கணினிகள் பலவும் ஏறக்குறைய இதே அமைப்பில் இருந்ததால், இதற்கு 30,000 ரூபாயை எப்படிப் பிரித்துச் செலவிடுவது என்ற என் கணக்கு வேறு சிலருக்கும் பயன்படக்கூடும்.

ஓடுகிற வரை ஓடட்டும் என்று இதுவரை தள்ளிப்போட முடிந்தது. 2025 அக்டோபரில் நிலைமை மாறிவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அம்மாதம் 14ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11க்குத் தகுதியுள்ளவை என்று அந்நிறுவனம் வெளியிட்டுள்ள பட்டியலிலோ ரைசன் 5 1600 இல்லை. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர் தருவதை என்விடியாவும் அதே மாதத்தோடு முடித்துக்கொண்டு, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும் என்று அறிவித்துவிட்டது. போதாததற்கு, 2025 மே மாதம் வெளியான ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற விளையாட்டுகள் ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டுப் படம் வரைதல்) வசதியுள்ள கார்டு இல்லாமல் தொடங்கவே மறுக்கின்றன. அமைப்புகளை எவ்வளவு குறைத்தாலும் 1060இல் அவற்றுக்கு வழியில்லை.

கையிலிருக்கும் தொகைக்கு மூன்று வழிகள் தென்படுகின்றன. முழுப் பணத்தையும் நல்லதொரு கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம். மதர்போர்டை அப்படியே வைத்துக்கொண்டு பிராசஸரையும் கார்டையும் அளவாக மாற்றலாம். அல்லது பழையதை ஒதுக்கிவிட்டு, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான (பிராசஸர் பொருந்தும் இடம்) ஏஎம்5இல் புதிதாகத் தொடங்கலாம். இவற்றில் எதைத் தேர்வதற்கு முன்பும், கணினி எங்கே திணறுகிறது என்பதைச் செலவில்லாமல் கண்டுபிடித்துவிட முடியும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில், கிராஃபிக்ஸ் கார்டின் பயன்பாட்டையும் நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கையையும் திரையின் மூலையில் காட்டும்படி அமைத்துக்கொண்டு, வழக்கமாக விளையாடும் இரண்டு விளையாட்டுகளை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ‘சைபர்பங்க் 2077’இல் கார்டின் பயன்பாடு 99 சதவீதத்தை விட்டு இறங்கவில்லை. ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’இல் புகைக்குண்டு வெடித்து நான்கைந்து பேர் ஒரே இடத்தில் சுட்டுக்கொள்ளும் நேரத்தில் மட்டும் அது 60 சதவீதத்துக்குச் சரிந்தது; ஃபிரேம்களும் கூடவே சரிந்தன. ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கியும் அந்த இடத்தில் எண்ணிக்கை கூடவில்லை. கார்டு சும்மா இருக்க, பிராசஸர் மூச்சுவாங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. ஒரே கணினியில் ஒரு விளையாட்டுக்குக் கார்டும் இன்னொன்றுக்குப் பிராசஸரும் தடையாக இருப்பது கண்டபிறகு, ‘எது முக்கியம்’ என்ற பொதுக் கேள்விக்கே பொருளில்லை என்று தோன்றியது.

முதல் வழியை எடுத்துக்கொண்டால், 2023 ஜூனில் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 ஏறத்தாழ முழுத் தொகையையும் விழுங்கிவிடும். 115 வாட்டில் ஓடுவதால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சுமையில்லை. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியும் கிடைக்கும். எனினும் ரைசன் 1600 போன்ற பழைய பிராசஸரோடு சேர்க்கும்போது இரண்டு இடைஞ்சல்கள் உண்டு. பிராசஸர் தடையாக இருக்கும் காட்சிகளில் என்விடியாவின் டிரைவர், ஏஎம்டியின் டிரைவரைவிட அதிக வேலையைப் பிராசஸரின் தலையில் கட்டுகிறது. மேலும், 4060 எட்டு பிசிஐஇ தடங்களை (மதர்போர்டோடு தரவு பரிமாறும் பாதைகள்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு, பிசிஐஇ 4.0 உள்ள மதர்போர்டில் அது குறையாகத் தெரியாது, ஆனால் என் பி350இல் இருப்பது 3.0 என்பதால் பாதை பாதியாகக் குறுகிவிடுகிறது. 8 ஜிபி நினைவகம் நிரம்பாத வரை இழப்பு மிகச் சிறியது. நிரம்பிவிட்டால், கார்டு ரேமிலிருந்து தரவை அந்தக் குறுகிய பாதை வழியாக இழுக்க வேண்டியிருப்பதால் ஆட்டம் திக்கித் திக்கி நகரும்.

2021 அக்டோபரில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600க்கும் எட்டுத் தடங்களும் 8 ஜிபியும்தான். ஆனால் நான் விசாரித்தபோது அது இருபதாயிரத்தை ஒட்டிக் கிடைத்தது. 132 வாட்டில், ஒரே ஒரு 8 பின் இணைப்பில் வேலை செய்கிறது. மேலே சொன்ன டூம் விளையாட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் ஏஎம்டி தரப்பில் குறிப்பிடப்பட்டிருப்பது இதே கார்டுதான். அதைப் பலமாகவும் கொள்ளலாம், எச்சரிக்கையாகவும் கொள்ளலாம்: இன்று நுழைவாயிலில் நிற்கும் கார்டு இன்னும் மூன்றாண்டுகளில் வாசலுக்கு வெளியே நிற்கக்கூடும். 12 ஜிபி நினைவகமும் பதினாறு தடங்களும் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060, 1080பி விளையாட்டுகளில் 6600இன் வேகத்தை ஒட்டியே ஓடுகிறது. விலையோ சற்றுக் கூடுதல். வீடியோ எடிட்டிங்கோ பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளோ பழகுகிறவர்கள் யோசிக்காமல் 3060ஐ எடுக்கலாம். விளையாட்டுக்கு மட்டும் என்றால் அந்தக் கூடுதல் பணத்தைப் பிராசஸருக்குத் திருப்புவதே மேல்.

இன்டெல்லின் ஆர்க் பி580 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 12 ஜிபி நினைவகத்தோடு 2024 டிசம்பரில் வந்த அந்தக் கார்டின் விலைக்கேற்ற வேகத்தைப் பார்த்தால் கை தானாக நீளும். ஆனால் அது, கார்டின் முழு நினைவகத்தையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதியை நம்பி வடிவமைக்கப்பட்டது. ஏஎம்டி அந்த வசதியை ரைசன் 3000 முதல்தான் முறையாக வழங்குகிறது; என் 1600 அதற்கு முந்தையது. அது கிடைத்தாலும், வேகம் குறைந்த பிராசஸரோடு சேரும்போது பி580 பல விளையாட்டுகளில் தன் வலிமையைப் பெருமளவு இழந்துவிடுவதைச் சோதனைகள் காட்டின. புதுக் கணினிக்கு நல்ல கார்டு. எட்டு வயதுக் கணினிக்குப் பொருந்தாத சம்பந்தம்.

பழைய கார்டு வாங்கலாமே என்பார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராஃபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு மைனிங் செய்யும் (கணக்குப் போட்டு நாணயம் ஈட்டும்) முறையைக் கைவிட்டபோது, இரவும் பகலும் ஓடிய ஆயிரக்கணக்கான கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பத்து நிமிடமாவது முழுச் சுமையில் ஓட்டிக்காட்ட மறுக்கும் கடையில் வாங்கக் கூடாது. விசிறியின் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும், திரையில் புள்ளிகள் மினுக்குகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும், பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். நான் ஒருமுறை இந்த மூன்றையும் செய்யாமல், சீட்டில் கையால் எழுதிய ஒரு மாத வாரண்டியை நம்பி வாங்கிய கார்டு ஐந்தாவது வாரத்தில் நின்றுபோனது.

இரண்டாம் வழியின் உயிர்நாடி, என் போர்டிலுள்ள ஏஎம்4 சாக்கெட்டின் ஆயுள். 2017இல் வாங்கிய பி350 போர்டில் 2022இல் வந்த பிராசஸரைப் பொருத்த முடிகிறது என்பது கணினி உலகில் அடிக்கடி நடப்பதில்லை. பி350 போன்ற 300 வரிசை மதர்போர்டுகளில் ரைசன் 5000ஐ அனுமதிக்க ஏஎம்டி 2022இல்தான் இசைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் வந்த ரைசன் 5 5600க்கும் என் 1600ஐப் போலவே ஆறு கோர்கள், 65 வாட். ஆனால் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) 16 எம்பியிலிருந்து 32 எம்பியாகி, ஒவ்வொரு கோரும் வெகுவாக வேகமெடுத்திருக்கிறது. விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இருக்கிறது. விண்டோஸ் 11இல் ‘வேலரன்ட்’ விளையாட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணினால், பத்தாயிரத்தை ஒட்டிய அந்தச் செலவு வேகத்துக்கு மட்டுமான செலவில்லை. பெயரளவில் நெருங்கிய ரைசன் 5 5500ஐ மலிவென்று எடுத்துவிடக் கூடாது. அதில் கேஷ் 16 எம்பிதான். 96 எம்பி கேஷ் உள்ள ரைசன் 7 5700எக்ஸ்3டி இந்தச் சாக்கெட்டின் உச்சங்களில் ஒன்று. ஆனால் கூலர் பெட்டியில் வராது, விலையும் கார்டுக்கான பங்கைத் தின்றுவிடும். 1080பியில் 6600 கார்டோடு விளையாடுகிறவருக்கு அது குருவி தலையில் பனங்காய்.

மாற்றும் வேலையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே, அதைக் கொண்டே, போர்டிலேயே இருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். உங்கள் போர்டின் தயாரிப்பாளர் தளத்தில் 5600 ஆதரவுப் பட்டியலில் உண்டா, இடையில் வேறொரு பயாஸ் பதிப்பைக் கடக்க வேண்டுமா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். அந்தச் சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டே முடங்கலாம் என்பதால், யுபிஎஸ் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்வது நல்லது. அடுத்தது கூலரைக் கழற்றுவது. ஏஎம்4 பிராசஸரில் 1331 பின்கள் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. எட்டு ஆண்டுகளில் காய்ந்து இறுகிய தெர்மல் பேஸ்ட், கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து பிராசஸரையும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது. ஓரத்து வரிசையில் மூன்று பின்கள் சாய்ந்திருந்தன. மெக்கானிக்கல் பென்சிலின் காலி முனையை ஒவ்வொன்றிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். கணினியைப் பத்து நிமிடம் விளையாட்டில் சூடேற்றி அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பசை விடுபட்ட பிறகு தூக்கியிருந்தால் அந்த மாலை வீணாகியிருக்காது.

புதிய பிராசஸரோடு முதன்முறை இயக்கும்போது கருந்திரையில் எஃப்டிபிஎம் (பிராசஸருக்குள் இருக்கும் டிபிஎம்) பற்றிய எச்சரிக்கை வந்து, ‘ஒய்’யா (Y) ‘என்’னா (N) என்று கேட்கலாம். வட்டிலுள்ள தரவைப் பூட்டும் பிட்லாக்கரைப் போட்டிருப்பவர்கள் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒய்யை அழுத்திவிடக் கூடாது.

மூன்றாம் வழியை நான் நீண்ட நேரம் எடைபோடவில்லை. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5, டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். எனவே ரைசன் 5 7600, பி650 போர்டு, 16 ஜிபி ரேம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே வாங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025இன் கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறிய பிறகு, அந்த மூன்றுக்கே 30,000 போதாது. அதன் பின்னும் அதே 1060தான் படம் காட்டிக்கொண்டிருக்கும். தொகை இரு மடங்காக இருந்தால் இதே கணக்கு தலைகீழாகும், ஏனெனில் அந்தச் சாக்கெட்டில் இன்னும் புதிய பிராசஸர்கள் வரவிருக்கின்றன. ஏஎம்4க்கு இனி எதிர்காலம் இல்லை.

ஆக 5600, 6600 என்ற இணையே என் தேர்வு. இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாதவர்கள், போட்டி விளையாட்டுகளே அதிகம் ஆடுவதாக இருந்தால் பிராசஸரிலிருந்தும், கதை விளையாட்டுகள் என்றால் கார்டிலிருந்தும் தொடங்கலாம். ரேமைப் பொறுத்தவரை, இருக்கும் ஸ்டிக்குக்கு இணையாக இன்னொரு 8 ஜிபியைப் பழையதாக வாங்கி, பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாம், நான்காம் துளைகளில் மாட்டி, பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை இயக்கினேன். 1060ஐயும் 1600ஐயும் விற்றுக் கிடைத்த பணம் அதற்குச் சரியாகப் போனது. எஸ்எம்பிஎஸ்ஸை நான் மாற்றவில்லை; அது பெயருள்ள நிறுவனத்தின் 80 பிளஸ் பிரான்ஸ் தரச் சான்றுள்ளது, 8 பின் கேபிளும் உண்டு. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் உள்ளவர்கள், சென்னை மே மாத வெயிலில் எட்டு ஆண்டுகள் காய்ந்த அந்தப் பெட்டியை நம்பிப் புதுக் கார்டை மாட்டுவதைவிட, ஒரு படி குறைந்த கார்டை வாங்கி மிச்சத்தில் அதை முதலில் மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்களுக்கே பொருந்தும். அதே 2017இல் இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 வாங்கியவர்களுக்கு இரண்டாம் வழி அடைபட்டிருக்கிறது: எட்டாம் தலைமுறைப் பிராசஸரின் சாக்கெட்டுக்கும் அதே 1151 என்ற எண் இருந்தபோதிலும் பழைய போர்டு அதை ஏற்பதில்லை, அதில் பொருந்தும் உச்சமான ஐ7 7700கேவை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அவர்கள் 6600ஐ இப்போது வாங்கி இருக்கும் கணினியில் ஓட்டிக்கொண்டு, மதர்போர்டு முதல் ரேம் வரை மாற்றும் செலவுக்குத் தனியாகச் சேர்த்துவரலாம். அந்தக் கார்டு புதுக் கணினிக்கும் கூடவே போகும்.