ஆறு ஆண்டுகள் பழகிய பல் ஸ்லைடு பெட்டி

பல் திசுவியல் நடத்த ஆரம்பித்த நாள் முதல் நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுகள் அடங்கிய இந்த ஒரே பெட்டிதான். பாதி ஸ்லைடுகள் கிரவுண்ட் செக்‌ஷன், அதாவது பல்லை அறுத்து ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்தவை. மீதி, அமிலத்தில் ஊறவைத்துத் தாதுவை நீக்கி, மெழுகில் பதித்துச் சீவி, ஹிமடாக்சிலின், இயோசின் சாயம் ஏற்றியவை.

முதலில் சாயம் ஏற்றியவைதான் எனக்குப் பிடித்தன. பல்லின் உள்ளே இருக்கும் மென்திசுவான பல்கூழின் ஓரத்தில், டென்டினை உருவாக்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் வரிசைகட்டி நிற்பதை அவற்றில்தான் பார்க்க முடியும். ஆனால் முளைத்த பல்லில், அதன் கடினமான வெளி உறையான எனாமல் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது. அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. ஸ்லைடு கெட்டுப்போச்சா என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு மாணவர் கேட்பார். அப்போது மணிப் பருவத்தின், அதாவது வளரும் பல் மணி வடிவில் இருக்கும் நிலையின், கடைசிக் கட்ட ஸ்லைடை வைத்துக் காட்டுவேன். அங்கே எனாமல் இன்னும் முதிரவில்லை, புரதம் நிறைய இருக்கிறது, அதனால் சாயம் பிடித்து அப்படியே நிற்கும்.

இப்போது நான் அதிகம் எடுப்பது கிரவுண்ட் செக்‌ஷன்களைத்தான். அதிலும் ஒரு பால் பல். அதன் எனாமலில் ஒரு கருங்கோடு ஓடுகிறது: பிறப்புக் கோடு. கோட்டுக்கு உள்ளே இருப்பது கருப்பையில் உருவானது, வெளியே இருப்பது பிறந்த பிறகு உருவானது. எனாமல் ஒரு நாளைக்குச் சுமார் 4 மைக்ரோமீட்டர் வளர்வதால், நாளுக்கு ஒன்றாக விழும் குறுக்குவரிகளை எண்ணினால் அந்தக் குழந்தையின் நாட்களையே எண்ணலாம். இத்தனை முறை பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை. முதல் ஆண்டு முழுக்க இந்தக் கோடு என் கண்ணில் படவே இல்லை. நுண்ணோக்கியில் ஸ்லைடுக்கு ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் ஐரிஸை (ஒளித் திறப்பை) முழுதாகத் திறந்து வைத்திருந்ததுதான் காரணம். கொஞ்சம் மூடியதும் கோடு துலங்கியது.

குறைகளும் உண்டு. வெளிச்சம் படும் அலமாரியில் வைத்திருந்ததில் இயோசின் வெளிறிவிட்டது, சில ஸ்லைடுகளில் பல்கூழ் இழைகள் தெரிவதே இல்லை. இருட்டான இடத்துக்கு மாற்றிய பிறகு மற்றவை தப்பின. தேய்த்த சீவல் சற்றுத் தடிமன் என்பதை மறந்து 40எக்ஸ் லென்ஸை இறக்கி ஸ்லைடை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப் ஒன்றையும் உடைத்தேன். அப்புறம் அவற்றுக்கு 10எக்ஸுக்கு மேல் போவதில்லை, எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினின் நுண்குழாய்களுடைய எஸ் வளைவைப் பார்க்க அதுவே போதும்.

அடுத்த ஆண்டு வெளிறிய ஸ்லைடுகளை மட்டும் புதிதாக மாற்றப் போகிறேன். பால் பல் அதே பெட்டியில், அதே முதல் பள்ளத்தில் இருக்கும்.