நனைக்கச் சொல்லும் கையேடு, நனைந்தால் வாங்காத கடை

வண்டியின் கூரையில் ஏற்றி, அங்கேயே விரித்துப் படுக்கும் என் கூடாரத்தோடு வந்த கையேடு, முதல் பயணத்துக்கு முன் துணியை நன்றாக நனைத்துக் காயவைக்கச் சொல்கிறது. அதே பெட்டியில் கிடந்த ரசீதின் பின்புறமோ, விரித்த, நனைந்த, மண் பட்ட எந்தப் பொருளும் திரும்பப் பெறப்படாது என்கிறது. இரண்டு தாளிலும் ஒரே கடையின் முத்திரை. கூடாரத்தைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. ஆனாலும் பல ஆண்டுகள் அதைச் சுமந்து திரிந்த பிறகும், பழுதுபார்க்கப் போய் அது இப்போது வீடு திரும்பிய பிறகும், என் எரிச்சல் அந்த இரண்டு தாள்களை விட்டு நகர மறுக்கிறது.

எடை, அகலம், எத்தனை பேர் படுக்கலாம் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கும், அவற்றுக்குள் போகப்போவதில்லை. மடித்து விரிக்கும் வகை, மடித்த பிறகு மேலே மூடக் கறுப்பு பிவிசி உறை, உள்ளே பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த கான்வாஸ், சதுர மீட்டருக்கு 280 கிராம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

நனைத்துப் பழக்கச் சொல்வதில் பிழை ஏதும் இல்லை. தையல் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். தையல் நூலில் பாலியெஸ்டர் நடுநூலைச் சுற்றிப் பருத்தி இருக்கும். தண்ணீர் பட்டால் அந்தப் பருத்தி உப்பி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று முறை நனைத்துக் காயவைத்தால் துணியும் நூலும் ஒன்றோடொன்று இறுகிவிடும். அதுவரை தையல் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிவது இயல்பு. கையேடும் அதைச் சொல்கிறது.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. உண்மையாகவே குறையுள்ள தையலும் இதே இடத்தில், இதே மாதிரிதான் கசியும். இது பழகாத தையலா, பழுதான தையலா என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் நனைத்துத்தான் பார்க்க வேண்டும். நனைத்தால் அது பயன்படுத்திய பொருள். ஆக, குறை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் நேரத்தில் திருப்பிக் கொடுக்கும் உரிமை கைநழுவிப் போயிருக்கும்.

என் கூடாரத்திலும் ஜன்னலுக்கு மேல் ஒரு மூலை மட்டும் கசிந்துகொண்டே இருந்தது. கடைக்குத் தொலைபேசியில் பேசினேன்.

"நனைத்துப் பழக்கினீர்களா சார்?"

"பழக்கினேன்."

"அப்படியானால் பயன்படுத்தியதாகிவிடும் சார். திரும்ப எடுக்க முடியாது."

"நனைக்காமல் விட்டிருந்தால்?"

சற்று யோசித்தார். "நனைக்காததால்தான் கசிகிறது என்று சொல்லியிருப்போம் சார்."

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கடையில் நான் கேட்ட நேர்மையான பதில் அது ஒன்றுதான். கசிவு பிறகு தானாகவே நின்றுவிட்டது, பழகாத தையல்தான். அது நின்றது என் அதிர்ஷ்டம். கடையின் விதிக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

நின்ற பிறகு அந்தக் கான்வாஸ் தந்த சுகத்தை மறைத்தால் பாவம். பெருமழையில் நைலான் கூடாரத்துக்குள் படுத்தவர்களுக்கு அந்தப் படபடப்புச் சத்தம் தெரியும். நைலான் நனைந்தால் நீண்டு தொய்ந்தும் போகும், நடுராத்திரியில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். கான்வாஸ் அப்படியில்லை. மழை அதன்மேல் மந்தமாக விழுகிறது. காற்றடித்தாலும் துணி விம்மி அடங்குகிறது, அறைவதில்லை. மூச்சுக்காற்றின் ஈரம் ஓரளவு துணி வழியாகவே வெளியேறிவிடுவதால், காலையில் கூரையிலிருந்து முகத்தில் சொட்டுவதில்லை. வெயில் ஏறிய பிறகும் உள்ளே இருட்டாக, தூங்கத் தக்கதாக இருக்கிறது. ஆண்டுகள் ஆகியும் வெயில்பட்ட பக்கம் சற்று வெளிறியதைத் தவிர, துணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஈரம் வேறொரு வழியில் வரும், அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மெத்தைக்கு அடியில் இருப்பது அலுமினியத் தளம். உடம்புச் சூட்டோடு இறங்கும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகிவிடும். மெத்தையைத் தூக்கிப் பார்க்காதவர்களுக்குப் பூசணத்தின் மணம்தான் முதலில் செய்தி சொல்லும். மெத்தைக்கும் தளத்துக்கும் நடுவே காற்றோடும்படி ஒரு தடித்த வலைப்பின்னல் விரிப்பைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்த விரிப்பு கூடாரத்தோடு வருவதில்லை, தனியாக விற்கிறார்கள். உத்தரவாதத் தாளில் பூசணம் விலக்கு.

பூசணம் என்று வந்துவிட்டதால் அடுத்த விதியையும் சொல்லிவிடுகிறேன். 'ஈரத்தோடு மடித்து வைத்தால் உத்தரவாதம் செல்லாது.' அறிவுரையாக இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஈரத்துணியை மடித்து வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பூசணம் பிடித்துவிடும். கறை ஒருமுறை இழைக்குள் இறங்கினால் போகாது. செயற்கை இழைக் கூடாரங்களுக்கு வேறு ஆபத்தும் உண்டு: உட்புறம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் ஈரத்திலும் வெப்பத்திலும் மெல்லச் சிதைந்து பிசுபிசுத்து, வாந்தி நாற்றம் அடிக்கத் தொடங்கும். அதைத் துவைத்து மீட்க முடியாது. மாடியில், வெயில் தகிக்கும் தகரக் கூரைக்கு அடியில் ஈரத்தோடு கட்டிப்போட்ட கூடாரங்கள் இப்படித்தான் அழிகின்றன.

ஆனால் பயணத்தில் விடியற்காலைப் பனி யாரைக் கேட்டு விழுகிறது? வெயில் வந்து துணி காய்வதற்குள் கிளம்பியாக வேண்டும். கூடாரத்தை மடித்தால்தான் வண்டி நகரும். மாலையில் அடுத்த இடம் சேர்ந்ததும் விரித்துக் காயவைக்கிறோம், வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் திறந்து போடுகிறோம். இதுதான் நடைமுறை, இதனால் துணி கெடுவதுமில்லை. 'எவ்வளவு நேரத்துக்குள் காயவைக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால் அது பராமரிப்புக் குறிப்பு. 'ஈரத்தோடு மடித்தால் செல்லாது' என்று மட்டும் எழுதியிருப்பது கடைக்கு முன்ஜாமீன். மழைக்கென்று விற்ற பொருளுக்கு மழை படாதவரைதான் பொறுப்பு என்கிறார்கள்.

கூடாரத்தைத் தாங்க வண்டிக் கூரையில் பொருத்தும் சட்டமான ரேக் விஷயமும் இதே ரகம். 'கரடுமுரடான பாதைகளுக்காகவே உருவாக்கப்பட்டது' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ரேக்கின் தாங்கு எடையோ தார்ச்சாலைக்கான கணக்கு. மண் பாதையென்றால் அந்த எடையை 1.5 ஆல் வகுக்கச் சொல்லும் ரேக் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். 75 கிலோ என்று போட்டிருந்தால் கையில் நிற்பது 50 கிலோ. இந்த வகைக் கூடாரங்கள் பல 50 கிலோவைத் தாண்டுபவை. கூடாரத்தையும் ரேக்கையும் ஒரே மேசையில் விற்கும் கடை இந்த வகுத்தலை வாடிக்கையாளரிடம் விட்டுவிடுகிறது. வாங்குபவர்கள் ஸ்பேனரோடு கொஞ்சம் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கரடுமுரடு ஓட்டம் முடிந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குவதும் கட்டாயம். அதிர்வில் அவை தளர்ந்தே தீரும்.

இனி ஜிப். பழுதுபார்க்க அனுப்பியது இதற்காகத்தான்.

உறையை மூன்று பக்கமும் சுற்றி மூடும் நீண்ட ஜிப் அது. இரண்டு பக்கமும் சிணுங்காமல் ஓடிவரும். மூலை திரும்பும் இடத்தில் நிற்கும். உள்ளே மெத்தையும் போர்வையும் விம்மி நிற்க, ஜிப்பின் இரண்டு வரிசைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி முறைத்துக்கொண்டிருக்கும். ஒரு கையால் உறையை அமுக்கி, முழங்காலால் மெத்தையைத் திணித்து, மறுகையால் ரன்னரை இழுக்க வேண்டும். குளிரில் பிவிசி விறைத்துவிடும், அப்போது இன்னும் மோசம். புழுதிப் பாதையில் ஓடிய பிறகு ரன்னருக்குள் மணல் புகுந்து அரைக்கும். பல்வரிசை பெரும்பாலும் கெடாது, தேய்வது ரன்னர்தான். அதன் இரு தாடைகளும் மெல்ல விரிந்து, பற்களைச் சேர்த்து அழுத்தும் பலத்தை இழந்துவிடும். அப்புறம் ரன்னர் போன வழியே ஜிப் பின்னால் திறந்துகொண்டே வரும். குறடால் தாடையை லேசாக அழுத்தினால் கொஞ்ச காலம் ஓடும். அது துத்தநாகக் கலவை வார்ப்பு என்பதால் அதிகம் அழுத்தினால் நொறுங்கிவிடும். எண்ணெய் போடுவது அதைவிடக் கெடுதல், புழுதியெல்லாம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பழைய பல் துலக்கியால் மணலைத் தட்டிவிட்டு, சிலிக்கோன் மசகு தடவுவதுதான் சரி.

இத்தனையும் செய்தும் ஒருநாள் மூலையில் தையலோடு பிய்ந்து வந்தது. 'படுக்கையோடு அப்படியே மடிக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய கூடாரம்; படுக்கையோடு மடித்ததால் பிய்ந்தது.

பழுதுபார்க்கக் கடைக்கு அனுப்புவதற்கும் விதி உண்டு. பொருள் சுத்தமாக, முழுதாக உலர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் சுத்தம் செய்யக் கட்டணம். சோப்பு போட்டுக் கழுவினால் நீர்விலக்கிப் பூச்சு போய்விடும், அதற்கு அவர்கள் பொறுப்பல்ல. எனவே வெறும் தண்ணீரும் மிருதுவான தூரிகையுமாக ஒரு முழுப் பகல் போனது. போக்குவரத்துச் செலவு என்னுடையது. சில நாளில் கடிதம் வந்தது: "ஜிப் தொடர்பான சேதம் இயல்பான தேய்மானத்தில் அடங்கும், உத்தரவாதத்துக்கு உட்பட்டதல்ல." கட்டணம் கட்டினால் தைத்துத் தருவார்களாம். கட்டினேன்.

திரும்பி வந்த கூடாரத்தைப் பார்த்து அசந்துபோனேன். பழைய ஜிப்பை முழுதாக நீக்கிவிட்டு, அதைவிடத் தடித்த 10-ஆம் எண் ஜிப்பைப் போட்டிருந்தார்கள். இரண்டு மூலைகளிலும் பிவிசியில் ஒரு முக்கோணத் துண்டு ஒட்டுப் போட்டு, இழுவை ஜிப்பின் மேல் விழாதபடி இடம் விட்டிருந்தார்கள். இரட்டைத் தையல், இரண்டு வரிகளுக்கும் நடுவே மயிரிழை பிசகவில்லை. மூலையில் ரன்னர் இப்போது ஒரு விரலுக்கே திரும்புகிறது. உதிரி ரன்னர் ஒன்றைச் சிறு உறையில் போட்டு உள்பையில் வைத்திருந்தார்கள். நான் கேட்கவுமில்லை, கட்டணச் சீட்டில் அது சேரவுமில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேய்மானம் மட்டும்தான் காரணமென்றால் அதே ஜிப்பைப் புதிதாக மாற்றினால் போதுமே, மூலைக்கு முக்கோணத் துண்டு எதற்கு? உறையை இறுக்கமாக வெட்டியதுதான் குறை என்று தையல் அறைக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் அதை ஊசியால் ஒப்புக்கொண்டார்கள். கடிதம் எழுதிய மேசை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு நான் பணமும் கட்டினேன்.

கடைகளின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்ற நிறுவனம், 1912-இல் தொடங்கியபோது விற்ற முதல் 100 ஜோடி பூட்ஸில் 90 பிய்ந்து திரும்ப, பணத்தைத் திருப்பிக் கொடுத்ததைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். காலவரம்பே இல்லாமல் பொருளைத் திரும்பப் பெற்ற அந்த நிறுவனமே 2018-இல் ஓராண்டு, ரசீது கட்டாயம் என்று வரம்பு வைத்தது. பழைய சாமான் விற்பனையில் வாங்கியவற்றைக்கூட ஆட்கள் கொண்டுவந்து நீட்டினார்கள். அங்கேயே முகாம் பொருட்கள் விற்கும் ஆர்.இ.ஐ. கூட்டுறவு நிறுவனமும் 2013-இல் தன் வரம்பற்ற விதியை ஓராண்டாகச் சுருக்கியது. வாரக் கடைசியில் கூடாரத்தைப் பயன்படுத்திவிட்டுத் திங்களன்று திருப்பிக் கொடுப்பவர்களால்தான் ரசீதின் பின்புறம் இவ்வளவு நீளமாகிறது. பூசணம் பிடித்து நாறும் மூட்டைகளைத் தினமும் பிரிக்கிறவர்களின் மூக்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனாலும், கூடாரம் வாங்கிய அதே கடையில் நான் வாங்கிய மீட்புக் கயிற்றின் தாளைப் பாருங்கள். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும் நைலான் கயிறு அது, இழுவிசையில் அதன் நீளத்தில் 30 விழுக்காடு வரை நீளக்கூடியது. 'தேய்ந்து தீரும் பொருள், உத்தரவாதம் இல்லை. சேற்றைக் கழுவி நிழலில் காயவையுங்கள்; மணல் உள்ளே தங்கினால் இழையை அறுக்கும். வெட்டு கண்டால் தூக்கி எறியுங்கள். டிரெய்லர் இழுக்கும் குமிழில் மாட்டாதீர்கள். அது முறிந்தால் குண்டாகப் பறக்கும்.' ஐந்தாறு வரிதான், ஒவ்வொன்றும் படிப்பவரைக் காப்பாற்ற எழுதியது. கூடாரத்தின் தாளை எழுதத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள்.

விலை குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். துணியைப் புகழ்ந்தேன், தையல் அறையைப் புகழ்ந்தேன், மழை இரவுகளைச் சொன்னேன். முடிவாக, வாங்காதீர்கள் என்றேன். அவர் குழம்பிப்போய், "அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுகிறீர்களா?" என்றார். உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், கை மாறினால் செல்லாது என்று ரசீதைத் திருப்பிக் காட்டினேன். அதில் எனக்குப் பயன்பட்ட விதி அது ஒன்றுதான்.