வீட்டுக்கு வந்து படம் போட்டுக் காட்டும் நிறுவனத்திடம் 385 டாலரை இழந்தோம்: அமெரிக்காவில் உள்ள நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டின் பின்புறப் புல்வெளியில் பெரிய திரை கட்டி, புரொஜெக்டர் வைத்து, விருந்தினர்களுக்குப் படம் போட்டுக் காட்டும் ஒரு நிறுவனம் எங்களிடம் 385 டாலரை வாங்கிக்கொண்டது. பொய்யான சிபாரிசோடு ஒரு படத்தை எங்கள் தலையில் கட்டியது, தேவையே இல்லாத உரிமம் ஒன்றுக்குத் தனியாகக் கட்டணம் வசூலித்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கைவிரித்துவிட்டது. வங்கியில் எங்கள் முறையீடு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. வளைகாப்பு, பிறந்தநாள், பட்டமளிப்பு என்று நம் வீடுகளில் விசேஷங்கள் நடக்கும் காலம் இது. இதே வகை விளம்பரங்கள் உங்கள் கண்ணிலும் படும். ஆகவே நடந்ததை முழுமையாகச் சொல்லிவிட்டு, எப்படி எச்சரிக்கையாக இருப்பது என்பதையும் இறுதியில் எழுதுகிறேன்.

என் தம்பியின் மனைவிக்கு வளைகாப்பு நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து என் தம்பிக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே அதிகமாக இருந்தது. அவன் சிறுவனாக இருந்தபோதே எங்கள் அப்பா இறந்துவிட்டார். "அப்பான்னா வீட்டுல என்ன செய்வாருன்னே எனக்குத் தெரியாதேக்கா" என்று அவன் ஒருமுறை சொன்னது என் மனத்தைவிட்டு அகலவே இல்லை. வளைகாப்புக்கு முந்தைய மாலை உறவினர்கள் அனைவரும் கூடியிருக்கும்போது, தந்தையாகத் தயங்கும் ஒருவன் மெல்ல மெல்லத் தந்தையாக மாறும் கதையுள்ள நல்ல குடும்பப் படம் ஒன்றை எல்லோரும் சேர்ந்து பார்த்தால் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில், படத்தைத் தேர்ந்தெடுக்க ஆலோசகர் உதவுவார் என்றும், மனநிறைவு இல்லையென்றால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்றும் இருந்தது. அந்த இரண்டு வாக்கியங்களையும் நம்பித்தான் தொலைபேசியில் அழைத்தேன்.

பேசிய பெண் மிகவும் கனிவாகப் பேசினார். என்ன விசேஷம், யாருக்காக, எத்தனை வயதினர் வருவார்கள் என்று கேட்டார். தம்பியின் பெயரைக் கேட்டார். அவன் ஏன் அஞ்சுகிறான் என்று கேட்டார். அப்பாவின் மரணத்தைப் பற்றி வெளியாரிடம் நாங்கள் பேசுவதே இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, உங்கள் தம்பிக்காகவே எடுத்ததைப் போல ஒரு படம் எங்களிடம் இருக்கிறது என்றார். 2009இல் வெளிவந்த 'ஓல்ட் டாக்ஸ்' என்ற ஆங்கிலப் படத்தின் பெயரைச் சொன்னார். ராபின் வில்லியம்ஸும் ஜான் டிரவோல்டாவும் நடித்தது, டிஸ்னியின் தயாரிப்பு, விமர்சகர்கள் மிகவும் பாராட்டியது, நான்கு விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்று வரிசையாக அடுக்கினார். பின்னர் அனுப்பிய மின்னஞ்சலிலும் 'நான்கு விருதுப் பரிந்துரைகள் பெற்ற குடும்பச் சித்திரம்' என்று எழுத்திலேயே உறுதிப்படுத்தினார். ராபின் வில்லியம்ஸ் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு மேலும் நம்பிக்கை பிறந்தது. 'அவ்வை சண்முகி'க்குத் தூண்டுதலாக அமைந்த 'மிசஸ் டவுட்ஃபயர்' படத்தின் நாயகன் அவர். பிள்ளைகளைப் பிரிந்து வாழ முடியாத ஒரு தகப்பனாக அதில் அவர் நடித்ததைப் பார்த்து அழாதவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது.

கட்டணம் மொத்தம் 385 டாலர். திரை, புரொஜெக்டர், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு 210, படத்துக்கும் ஆலோசனைக்கும் 50, 'பொதுத் திரையிடல் உரிமம்' என்ற பெயரில் 125. வீட்டில் நடக்கும் நிகழ்ச்சிக்கு உரிமம் எதற்கு என்று நான் கேட்டபோது, சட்டப்படி கட்டாயம், இல்லையென்றால் அபராதம் உங்கள் மீதுதான் விழும் என்று அந்தப் பெண் அதே கனிவான குரலில் சொன்னார். முழுத் தொகையையும் முன்பணமாகக் கடன் அட்டையில் செலுத்தினேன்.

அன்று மாலை தாமதமாக வந்த பணியாளர் திரையைக் கட்டிவிட்டு, எங்கள் வீட்டு வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டார். தம் மடிக்கணினியைத் திறந்து, நாம் எல்லோரும் வீட்டில் மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறோமே, அதைப் போன்ற ஒரு சாதாரண ஓடிடி கணக்கில் நுழைந்து படத்தை ஓடவிட்டார். யாரோ ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுடைய பெயர்கள் திரை முழுவதும் பெரிதாகத் தெரிந்தன. 125 டாலர் கொடுத்து நாங்கள் பெற்ற 'உரிமம்' அதுதான்.

படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்றின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. விளையாட்டு விளம்பரத் தொழில் நடத்தும் இரண்டு நடுவயது நண்பர்களில் ஒருவருக்கு, ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்து உடனே ரத்தான ஒரு திருமணத்தின் வழியே இரட்டைக் குழந்தைகள் இருப்பது தெரியவருகிறது. தாய் ஒரு போராட்டத்துக்காக இரண்டு வாரம் சிறை செல்ல நேர்வதால், பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கதையின் கரு நல்ல கருதான். அச்சப்படும் ஒரு தகப்பனைப் பற்றி எவ்வளவோ சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அச்சத்தோடு இந்தப் படம் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பேசுவதில்லை. தோல் நிறத்தை மாற்றும் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டு நாயகன் கருத்துப்போவது, மாத்திரைகள் மாறிப்போய் இருவரும் தடுமாறுவது, கொரில்லாவிடம் ஒருவர் சிக்குவது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கோமாளித்தனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. குழந்தைகள் இருவரும் அந்தக் கோமாளித்தனங்களுக்குச் சாக்காக மட்டுமே நிற்கிறார்கள். தகப்பன் எப்போது மாறினார், எதனால் மாறினார் என்பதற்குக் காட்சியே இல்லை. கடைசியில் மாறிவிட்டதாக நாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்புக்குரியவர்களை இழந்தவர்கள் கூடி ஆறுதல் தேடும் ஓர் இடத்தில், மாத்திரைக் கோளாறால் டிரவோல்டாவின் முகம் இளித்தபடியே உறைந்துபோகும் காட்சி ஒன்று வருகிறது. அண்மையில் கணவரை இழந்த எங்கள் பெரியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சியின்போது அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். யாருக்காக இவ்வளவும் ஏற்பாடு செய்தேனோ, அந்தத் தம்பியும் பாதிப் படத்திலேயே எழுந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டான். என்னிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றிரவே உறவுக்காரப் பையன் ஒருவன் கைபேசியில் தேடி எடுத்துக் காட்டியதைப் பார்த்து நான் திகைத்துப்போனேன். அந்த 'நான்கு விருதுப் பரிந்துரைகள்' உண்மையானவைதான். ஆனால் அவை ஆண்டின் மிக மோசமான படங்களுக்குத் தரப்படும் கோல்டன் ராஸ்பெரி விருதுக்கான பரிந்துரைகள். 2010இல் மிக மோசமான படம், மிக மோசமான இயக்குநராக வால்ட் பெக்கர், மிக மோசமான நடிகராக டிரவோல்டா, மிக மோசமான துணை நடிகையாக கெல்லி பிரஸ்டன் என்று நான்கு பிரிவுகளில் இந்தப் படம் இடம்பெற்றிருக்கிறது. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில், சாதகமாக எழுதிய விமர்சகர்கள் நூற்றுக்கு 5 பேர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். புகழ்பெற்ற அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரத்துக்கு ஒன்றே ஒன்று கொடுத்திருக்கிறார். 'விமர்சகர்கள் மிகவும் பாராட்டியது' என்று என்னிடம் சொன்னது இந்தப் படத்தைத்தான். இதை ரசனை வேறுபாடு என்று யாரும் சொல்ல முடியாது. இழிவுக்கான பரிந்துரையைப் பெருமைக்கான பரிந்துரையாக மாற்றி எழுத்தில் கொடுத்து, அதைக் காட்டிப் பணம் வாங்கியது அப்பட்டமான மோசடி.

மறுநாள் காலையில் மின்னஞ்சல் அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. தொலைபேசியில் அழைத்தால், அந்த ஆலோசகர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார் என்றார்கள். மேலாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், நான்கு பரிந்துரைகள் என்று சொன்னது உண்மைதானே, எந்த விருது என்று நாங்கள் சொல்லவே இல்லையே என்று வாதாடினார். அப்படியானால் விமர்சகர்கள் பாராட்டினார்கள் என்று சொன்னது என்ன என்று கேட்டேன். அந்தப் படம் உலகம் முழுவதும் 9 கோடி டாலருக்கு மேல் வசூலித்திருக்கிறது, மக்கள் விரும்பாமலா அவ்வளவு வசூலாகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். வசூலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. மனநிறைவு இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதிமொழியை நினைவூட்டியபோது, அது கருவிகள் பழுதானால் மட்டுமே பொருந்தும், திரையும் ஒலிபெருக்கியும் நன்றாகத்தானே வேலை செய்தன என்றார். விளம்பரத்தில் அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. அதன் படம் என்னிடம் இருக்கிறது. கடைசியாக, அடுத்த நிகழ்ச்சிக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். என் 385 டாலரைப் பற்றிப் பேசுங்கள் என்றதும் அழைப்பைத் துண்டித்துவிட்டார். அதன் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் யாரும் எடுப்பதில்லை.

உரிமக் கட்டணம் பற்றி நான் தெரிந்துகொண்டது கோபத்தை இன்னும் அதிகமாக்கியது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடத்திலோ, குடும்பமும் அதற்கு நெருக்கமானவர்களும் என்ற வழக்கமான வட்டத்தைத் தாண்டிய கணிசமான கூட்டத்துக்கு முன்னாலோ காட்டினால்தான் அது பொதுத் திரையிடல் ஆகும். சொந்த வீட்டில் உறவினர்களும் நண்பர்களும் கூடிப் பார்ப்பது அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆக, வாங்கவே வேண்டியிராத உரிமத்துக்கு 125 டாலர் வாங்கியிருக்கிறார்கள், அந்த உரிமத்தையும் அவர்கள் எடுக்கவில்லை. உரிமப் பத்திரத்தின் நகலைக் கேட்டு நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை. அபராதம் வரும் என்று ஒரு பெண்ணை அச்சுறுத்திப் பணம் பறிப்பதற்குச் சட்டத்தின் பெயரைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

"போனா போகுது, விடுக்கா" என்கிறான் தம்பி. என்னால் விட முடியவில்லை. 385 டாலர் எங்களுக்குச் சிறிய தொகை இல்லை. அதைவிட, என் தம்பியின் மனக்கவலையை என்னிடமே கேட்டு வாங்கி, அதையே விற்பனைக்குக் கருவியாக்கிக்கொண்டார்களே என்பதை நினைக்கும்போது உடம்பெல்லாம் எரிகிறது.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் நினைத்திருந்தேன், ஆனால் முறையீடு தொடர்பாக வங்கிக்கு அனுப்ப வேண்டிய கடிதம் பாதியில் நிற்கிறது. ஆகவே முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். விருது பெற்ற படம், பரிந்துரை பெற்ற படம் என்று யார் சொன்னாலும், எந்த விருது, எந்த ஆண்டு என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்கு உரிமக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். மண்டபத்திலோ பூங்காவிலோ பொதுவில் காட்டுவதற்கு உண்மையிலேயே உரிமம் தேவைப்பட்டால், படத்தின் பெயரும் தேதியும் உள்ள பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பணத்தைக் கடன் அட்டையில் மட்டுமே செலுத்துங்கள். அப்போதுதான், ஒப்புக்கொண்டபடி தராத சேவைக்கான கட்டணத்தை, அது முதலில் இடம்பெற்ற கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் அட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்தில் மறுக்க முடியும். கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள், அது கிடைத்ததை உறுதிசெய்து அவர்கள் பதில் அனுப்ப வேண்டும். தொலைபேசியில் சொன்னால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், கடிதமும் அனுப்புங்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் பதியுங்கள், நானும் பதிந்திருக்கிறேன்.

அந்த நிறுவனத்தின் விளம்பரத்தில் இன்று காலை வரையிலும் அதே படம், 'நான்கு விருதுப் பரிந்துரைகள்' என்ற அதே வரியோடு இருக்கிறது. இதே வகை நிறுவனத்திடம் இதே வரியைக் கேட்டுப் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால், ரசீதோடு கீழே எழுதுங்கள். தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் பதிந்திருக்கும் புகாரோடு சேர்த்துக்கொள்ளலாம்.