எத்தன் கதைக்கு எந்த அட்டை?

கும்பகோணத்து நண்பர் ஒருவர், எத்தர்களைப் பற்றிய நல்ல கிரைம் நாவல் ஒன்றைக் கெட்டி அட்டையில், பழைய பதிப்பாக, பீரோவில் வைத்து அழகு பார்க்கிற மாதிரி வாங்க வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறார். இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் என்று ஊர்ப் பணத்தைச் சுருட்டியவர்கள் கதையெல்லாம் நமக்குப் பழக்கம்தான், அதனால் ருசி பிடித்திருக்கலாம். அவர் முன்னால் மூன்று வழி இருக்கிறது.

முதலாவது அமெரிக்க எழுத்தாளர் பட்ரீஷியா ஹைஸ்மித்தின் ரிப்ளி நாவல், 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி'. 1955-ல் நியூயார்க்கில் கவர்ட்-மெக்கான் பதிப்பகம் கெட்டி அட்டையில் போட்டது. செத்தவன் கையெழுத்தைப் போட்டு அவன் பெயரிலேயே வாழ்கிறவன் கதை, எத்தன் நாவல்களில் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது கதைக்கோ அட்டைக்கோ இல்லை, மேலே சுற்றியிருக்கும் காகித உறைக்கு. அது இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர், இல்லாவிட்டால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். அதனால்தான் உறையை மட்டும் நகலெடுத்து மாட்டுகிற வேலை நடக்கிறது. நானே வேறொரு நாவலில் இப்படி மாட்டிக்கொண்டேன். புத்தகம் நிஜமாகவே பழசு, உறையின் உட்பக்கம் மட்டும் நேற்று வாங்கிய ஜெராக்ஸ் தாள் மாதிரி பளிச்சென்று வெள்ளை, மடிப்பில் ஒரு தேய்மானம் கிடையாது. விற்றவரிடம் கேட்டால் 'உறை ஒரிஜினல் என்று நான் எங்கே சொன்னேன்?' என்கிறார். சரிதான், சொல்லவில்லை. இன்னொன்று, லண்டனில் கிரெசெட் பிரஸ் 1957-ல் போட்டதையும் 'முதல் பதிப்பு' என்றே விற்கலாம், பிரிட்டனில் அது முதல் பதிப்புதானே. எந்த நாட்டு முதல் பதிப்பு என்று கேட்காதவனுக்கு நாமம்.

இரண்டாவது ஜிம் தாம்சனின் 'தி கிரிஃப்டர்ஸ்', 1963. சில்லறை மாற்றுகிற சாக்கில் கடைக்காரனை ஏமாற்றப்போய் வயிற்றில் அடி வாங்குகிறவனிடமிருந்து கதை தொடங்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர்களுக்கு இந்த வித்தையை விளக்கவே வேண்டாம். இது முதலில் வந்ததே பேப்பர்பேக்கில்தான், ஆகவே 1963 கெட்டி அட்டை முதல் பதிப்பு என்று யாராவது நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மலிவுத் தாள், வெறும் பசை ஒட்டிய முதுகு. ஐப்பசி மழையில் நம் வீட்டுச் சுவரே பூஞ்சை பிடிக்கிறது, அது எத்தனை வருஷம் தாங்கும்?

மூன்றாவதை நண்பர் கணக்கிலேயே எடுக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் இருக்கிற வடுவூர்க்காரர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்'. சூது பிடித்த வக்கீல், மாறுவேடம் போடுகிற திகம்பர சாமியார், எல்லாம் நம் மண். 1950-ல் நம்பியார் நடித்துப் படமாகவும் வந்தது. பழைய பிரதி ஏதாவது பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் பெரும்பாலும் யாரோ காலிகோ துணி பைண்டு போட்டதாக இருக்கும், வாடகை நூலக முத்திரை இருக்கும், பைண்டர் ஓரம் வெட்டியதில் வரி போயிருக்கும், ராமபாணப் பூச்சி ஊடே சுரங்கம் தோண்டியிருக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இதைச் சீந்த மாட்டார். தையல் போட்ட பைண்டு என்பதால் விரித்து வைத்துப் படிக்கலாம், முதுகு விட்டாலும் உள்ளூரிலேயே தைத்துக்கொள்ளலாம், அது எனக்குப் பெரிய விஷயம்.

என்னைக் கேட்டால் வடுவூராருக்குப் பீரோவில் இடம், ரிப்ளிக்குச் சாதாரண பேப்பர்பேக், தாம்சனை இரவல் வாங்கிப் படித்தால் போதும். நண்பருக்கு 1955-தான் வேண்டுமாம், ஒரு ஆளையும் பிடித்துவிட்டார். உறையின் உட்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். கேட்டு ஒன்பது நாளாகிறது, அந்த ஆளிடமிருந்து பதிலே இல்லை.