குடிநோய் மீட்புக் கூட்டம் தேடுகிறீர்களா? சில ஆண்டு அனுபவத்தில் தெரிந்துகொண்டவை

முதலில் மருத்துவ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடித்துவந்தவர், கூட்டத்தை மட்டும் நம்பி ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. கைநடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள். நிறுத்தியதை நிலைக்க வைப்பதுதான் கூட்டத்தின் வேலை.

நான் சில ஆண்டுகளாகப் போய்வருவது ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் பிறந்த அமைப்பு. இருவருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி இன்னொருவரிடம் மனம்விட்டுப் பேசுவது என்ற அந்த முறைதான் இன்றுவரை. கட்டணம் கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி எதுவும் கேட்க மாட்டார்கள். நடுவில் காணிக்கைப் பை சுற்றி வரும்; போடாவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கொள்கை.

தேடுவது சுலபம்தான். ஏ.ஏ.வுக்கென்றே ‘மீட்டிங் கைட்’ என்ற ஆப் இருக்கிறது. பக்கத்தில் எங்கே, எத்தனை மணிக்குக் கூட்டம் என்று காட்டும். ஆனால் கூட்டங்களின் இடமும் நேரமும் அடிக்கடி மாறும். ஒரு பழைய பட்டியலை நம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். முதல் தடவை போக மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்புகிறவருக்கு அந்தப் பூட்டு ஒன்றே போதும், நேராகக் கடைக்குப் போக. அதனால் கிளம்புவதற்கு முன் போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் போனிலேயே கேட்க வேண்டியவை சில உண்டு. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்ததென்றால் குடும்பத்தார், நண்பர்கள் என யாரும் வரலாம். மூடியதில் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டுமே இடம். துணைக்கு ஆள் இல்லாமல் போகத் தயக்கம் என்றால் திறந்த கூட்டம். என்னைக் கேட்டால் மூடிய கூட்டத்தில்தான் பேச்சு ஆழமாகப் போகிறது. அப்புறம், ஒருவர் தன் கதையைச் சொல்லும் கூட்டமா, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்துப் படிக்கும் கூட்டமா என்றும் கேளுங்கள். புதியவருக்கு முதல் வகை நல்லது. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். பேசச் சொன்னால் “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்றால் சரி என்று விட்டுவிடுவார்கள்.

ஒவ்வொரு குழுவும் தன்னைத்தானே நடத்திக்கொள்வதால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரு குழுவில் பழைய ஆட்களே முழு நேரமும் பேசித் தீர்த்தார்கள். அங்கே நான் ஒட்டவில்லை. இப்போது போகும் குழுவில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ இல்லை. என்னைக் கட்டிப்போட்டது அதுவும் இல்லை, கூட்டம் முடிந்த பிறகு நாற்காலிகளை மடக்கி அடுக்கும் அந்தப் பத்து நிமிடம். ஒரு பெரியவர் துண்டுத்தாளின் பின்பக்கம் மூன்று பேரின் போன் நம்பரை எழுதி என் சட்டைப் பையில் வைத்தார். “குடிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க தம்பி. குடிச்சப்புறமும் கூப்பிடலாம், ஆனா முன்னாடின்னா பேச வசதியா இருக்கும்.” முடிந்ததும் எல்லாரும் சிட்டாய்ப் பறந்துவிடும் குழுவென்றால் நான் இன்னொன்றைத்தான் பார்ப்பேன்.

இணையக் கூட்டங்கள் எந்நேரமும் கிடைக்கின்றன. தூக்கம் வராத நடுராத்திரிக்கு அவை வரப்பிரசாதம். ஆனால் கேமராவை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்வதும் அங்கே சுலபம். நேரில் போகும் கூட்டத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடவுள் பேச்சு பலருக்குத் தடை. ஆனால் ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்’ என்றுதான் படிகளிலேயே வருகிறது. குழுவையே தன் உயர்சக்தியாக, அதாவது தன்னை விடப் பெரிய சக்தியாக, வைத்துக்கொண்ட நாத்திகர்களும் உண்டு. அதுவும் ஒவ்வாது என்றால் ஸ்மார்ட் ரெக்கவரி என்ற வேறோர் அமைப்பைப் பாருங்கள். அங்கே கடவுள் பேச்சு இல்லை, ‘நான் குடிநோயாளி’ என்று சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை; குடிவேட்கையைச் சமாளிக்கும் உளவியல் பயிற்சிகள்தான். பெண்கள் மட்டும் கூடுவதற்கு விமன் ஃபார் சொப்ரைட்டி என்ற அமைப்பு உண்டு.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. ஆலோசகர்கள் திட்டமிட்டு ஏ.ஏ. பக்கம் ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற சிகிச்சைகளை விட நல்ல பலன் தந்தது என்பது அதன் முடிவு. கவனியுங்கள், அதில் ஆலோசகரும் கூட இருக்கிறார். முடிந்தால் நீங்களும் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று எந்த உறுப்பினராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் கையேடே சொல்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு அல்-அனான் என்று தனி அமைப்பு, 1951 முதல் இருக்கிறது. குடிப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தாலும் அவர்கள் தாராளமாகப் போகலாம்.