முட்டிக்கு ஸ்கோப் என்று சொன்னால், முதலில் நிற்க வைத்து எக்ஸ்ரே கேளுங்கள்

அம்மாவுக்கு வயது 61. இரண்டு வருடமாக இடது முட்டியில் வலி. படி இறங்கினால் கைப்பிடிச் சுவரை விடமாட்டார். போன ஆவணியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். படுக்க வைத்து ஒரு எக்ஸ்ரே, அன்றைக்கே எம்ஆர்ஐ. ஃபிலிமைப் பார்த்த டாக்டர், "ஜவ்வு கிழிஞ்சிருக்கும்மா. ரெண்டு சின்ன ஓட்டை போட்டு ஸ்கோப் பண்ணிடலாம், மறுநாளே நடந்து வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். ஸ்கோப் என்றால் ஆர்த்ரோஸ்கோப்பி, முட்டிக்குள் குட்டிக் கேமராவை விட்டுப் பார்த்தபடி செய்யும் ஆபரேஷன். ஜவ்வு என்று அவர் சொன்னது முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸை. அம்மாவின் முட்டியை அவர் மடக்கிக்கூடப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு டிவி திரைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். முட்டிக்குள்ளே இலவம்பஞ்சு பிய்ந்தது போல வெள்ளை வெள்ளையாக ஏதோ தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு குட்டிக் கருவி வந்து அதைச் சீவி உறிஞ்சி எடுத்தது. "இதுதான் வலிக்குக் காரணம்" என்றார் பக்கத்தில் நின்ற இளம் டாக்டர். கண்ணால் பார்த்துவிட்டேன், அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பது?

85,000 ரூபாய் என்று பேசினார்கள். பில் 1,27,000 வந்தது. சீவி எடுக்கும் ஷேவர் பிளேடு தனி, சூட்டால் திசுவைக் கரைக்கும் வாண்ட் கருவி தனி. அதில் 38,000 ரூபாயை இன்சூரன்ஸ் தள்ளிவிட்டது. சரி, வலி போனால் போதும் என்று கட்டினோம்.

ஆறு வாரம் பரவாயில்லை. மூன்றாம் மாதம் பழைய வலி திரும்பி வந்தது. தை பிறந்தபோது தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் முதலில் செய்தது, அம்மாவை நிற்க வைத்து இரண்டு முட்டிக்கும் எக்ஸ்ரே எடுத்ததுதான். செலவு சில நூறு ரூபாய். உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று சரியாகத் தெரியும். படுத்திருந்தால் தேய்மானம் குறைவாகத் தோன்றலாம். அம்மாவுக்கு உள்பக்கத்தில் எலும்போடு எலும்பு ஒட்டியிருந்தது. பிறகு எங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி ஒரு வரியில் விரல் வைத்தார்: உள்பக்கக் குருத்தெலும்புத் தேய்மானம், 4ஆம் நிலை. எலும்பு முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு முழுக்கப் போய் எலும்பு தெரிகிறது என்று அர்த்தம். ஆபரேஷன் செய்தவர்களே பார்த்திருக்கிறார்கள், எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்தேன். 2002இல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. சிலருக்கு உண்மையான ஸ்கோப், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும். இரண்டு வருடம் கவனித்தும் வலியில் வித்தியாசம் இல்லை. 2013இல் ஃபின்லாந்தில், தேய்மானம் இல்லாமல் ஜவ்வு மட்டும் நைந்துபோன 146 பேருக்கும் இதே மாதிரி செய்து பார்த்தார்கள், அதே முடிவுதான். 2017இல் ஒரு சர்வதேச மருத்துவர் குழு, தேய்மான முட்டிக்கு இந்த ஆபரேஷன் அநேகமாக யாருக்குமே வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. ஐம்பது தாண்டியவர்களுக்கு எம்ஆர்ஐ எடுத்தால், வலியே இல்லாதவர்களில்கூடப் பலருக்கு ஜவ்வுக் கிழிசல் தெரியுமாம். கிழிசல் இருப்பதாலேயே வலி அதனால்தான் என்று ஆகிவிடாது.

ஸ்கோப்பே மோசடி என்று நான் சொல்லவில்லை. கபடியில் தசைநார் அறுந்த பையனுக்கும், கிழிந்த ஜவ்வு மடங்கிச் சிக்கி முட்டியை நீட்டவே முடியாமல் போனவருக்கும் அது பெரிய உதவி. வயதான முட்டியின் தேய்மானத்துக்கு அதைத் தலையில் கட்டுவதைத்தான் சொல்கிறேன். உங்கள் அம்மா அப்பாவுக்குச் சொன்னால் நிற்க வைத்து எக்ஸ்ரே கேளுங்கள். "தேய்மானம் எந்த நிலை, மூன்று மாதம் பயிற்சி செய்து பார்த்தால் என்ன" என்று நேராகக் கேளுங்கள். கையெழுத்து அன்றைக்கே போடாதீர்கள்.

ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் அம்மாவின் முழு ஃபைல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பதினோரு நாள் அலைய விட்டார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் உண்டு, வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன். அம்மா இப்போது தினமும் காலையும் மாலையும் முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்கிறார். போன வாரம் மாடிப்படி ஏறி அவரே துணி காயப்போட்டுவிட்டு வந்தார்.