தேஷெங்மென் அருகே "இன்று 877 ஓடாது" என்பவரை நம்பாதீர்கள்

பெய்ஜிங், ஷாங்காய் என்று ஒரு சின்னப் பயணத்துக்கு, அதுவும் தனியாக, முதல்முறையாகத் திட்டமிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரின் பாதுகாப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரவு நேரங்கழித்து நடந்தபோதும் யாரும் சீண்டவில்லை. பணம் பறிபோனது பட்டப்பகலில், பெருஞ்சுவருக்குப் போகும் வழியில்.

பெருஞ்சுவரின் படாலிங் பகுதிக்கு 877 என்ற அரசு பஸ் போகிறது. கட்டணம் 12 யுவான். மெட்ரோவில் ஜிஷுய்தான் நிலையத்தில் இறங்கி, தேஷெங்மென் கோபுரம் வரை கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்த நடைதூரத்தில்தான் போலி நடத்துநர்கள் கடை விரித்திருக்கிறார்கள்.

என்னை மறித்தவர் வெளிர்நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, தோளில் காசுப்பை என்று அச்சு அசல் நடத்துநர்தான். கைபேசித் திரையை நீட்டினார்: 877 இன்று இல்லை, சிறப்பு வண்டி உண்டு, போய்வர 150 யுவான், நுழைவுச்சீட்டும் அதில் அடக்கம். பக்கத்தில் ஒரு மினி பஸ். உள்ளே பாதி இருக்கைகளில் சீனர்கள். உள்ளூர்க்காரர்களே உட்கார்ந்திருக்கும்போது நமக்கென்ன என்று தோன்றும் அல்லவா, அந்தத் தைரியத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. அவர்களும் வெளி மாகாணங்களிலிருந்து வந்து சிக்கியவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பணத்தை ரொக்கமாகத்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்பவர்கூட க்யூஆர் அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் ஊரில் இவருக்கு மட்டும் எதற்கு ரொக்கம்? தடயம் இருக்கக் கூடாதே!

வண்டி முதலில் நின்றது ஒரு ஜேட் கல் நகைக்கடையில். எல்லோரையும் இறக்கிவிட்டு ஓட்டுநர் கதவைப் பூட்டிக்கொண்டார். உள்ளே வெள்ளைக் கையுறை அணிந்த விற்பனைப் பெண் ஒரு வளையலை எடுத்துக் கண்ணாடித் துண்டின்மேல் கரகரவென்று இழுத்தார். கண்ணாடியில் கீறல் விழுந்தது, வளையலில் விழவில்லை. அசல் ஜேட் என்பதற்கு இதுவே சான்றாம். கண்ணாடியைவிடக் கடினமான எந்தக் கல்லும் இதைச் செய்யும். மலிவான குவார்ட்ஸும் செய்யும். கால்குலேட்டரில் 6,800 என்று தட்டிக் காட்டியவர், நான் நகர்ந்ததும் 900க்கு இறங்கினார். இன்னும் நாலடி நடந்திருந்தால் சும்மாவே கொடுத்திருப்பாரோ என்னவோ.

கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் படாலிங்கே இல்லை. ஷுய்குவான் என்ற வேறு பகுதி. அதுவும் பெருஞ்சுவர்தான், ஆனால் நான் பணம் கொடுத்தது அதற்கல்ல. அடக்கம் என்று சொன்ன நுழைவுச்சீட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். ஏறி இறங்க நாற்பது நிமிடம்தான் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்கள். ஒரு முதிய தம்பதி உரத்த குரலில் சண்டை போட்டார்கள். ஓட்டுநர் வாயிலிருந்த சிகரெட்டைக்கூட எடுக்கவில்லை. மாலையில் தேஷெங்மென்னுக்குத் திரும்பவும் இல்லை. ஐந்தாவது சுற்றுச்சாலைக்கு அப்பால் ஏதோ ஒரு மெட்ரோ வாசலில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

விடுதி வரவேற்பாளர் எனக்காக 12345 என்ற நகர அரசின் புகார் எண்ணை அழைத்துப் பேசினார். அவர்கள் முதலில் கேட்டது வண்டி எண்ணைத்தான். அந்த முதியவர் எடுத்து எனக்கும் அனுப்பிய படம் இருந்ததால் சொல்ல முடிந்தது. புகாரைப் பதிந்துகொண்டார்கள், பணம் வரவில்லை.

உண்மையான 877 வழியில் எந்தக் கடையிலும் நிற்காது, நேரே படாலிங் போகும். அதற்கான வரிசை கோபுரத்தை ஒட்டியே இருக்கிறது. கண்ணால் பார்க்கும்வரை யார் பேச்சையும் கேட்காமல் நடந்துகொண்டே இருங்கள். கூகுள் மேப்பை அங்கே நம்ப முடியாது, சீனாவின் உள்ளூர் வரைபடச் செயலியை நம் ஊரிலிருந்தே இறக்கிக்கொண்டு போங்கள். பஸ்ஸே வேண்டாம் என்றால் சிங்ஹ நிலையத்திலிருந்து அதிவேக ரயில் இருக்கிறது. 2019 டிசம்பர் இறுதியில் திறந்த பாதை. படாலிங் நிலையம் தரைக்கு 102 மீட்டர் கீழே இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்வதால் நடுவில் தரகருக்கு வேலையில்லை.

பெருஞ்சுவரின் இன்னொரு பகுதியான முதியான்யுவுக்குப் போகிறவர்களுக்கு வேறு வித்தை காத்திருக்கிறது. தோங்ஜிமென்னிலிருந்து 916 விரைவு பஸ்ஸில் போய் ஹுவாய்ரோவில் வண்டி மாற வேண்டும். சரியான நிறுத்தத்துக்கு முன்பே ஒருவர் ஏறி "முதியான்யு, இறங்கு இறங்கு" என்று கத்துவார். இறங்கினால் அவருடைய கார் தயாராக நிற்கும்.

பெய்ஜிங்கின் பழைய பேரரசர் மாளிகையான அரண்மனை அருங்காட்சியகத்திலும் எச்சரிக்கை தேவை. சீட்டு ஏழு நாள் முன்பு இணையத்தில் திறக்கும், பாஸ்போர்ட் எண்ணோடு பிணைந்திருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான். திங்கட்கிழமை விடுமுறை. வாசலில் நின்று சீட்டு வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பேச்சுக் கொடுக்கவே வேண்டாம்.

ஷாங்காயில் நான்ஜிங் சாலை, மக்கள் சதுக்கப் பக்கம் நல்ல ஆங்கிலம் பேசும் இளம் ஜோடிகள் படம் எடுத்துத் தரச் சொல்லி அறிமுகமாவார்கள். அப்படியே பாரம்பரியத் தேநீர் அருந்தப் போகலாமா என்பார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஆயிரக்கணக்கில் பில் நீட்டுவது பல ஆண்டுகளாக நடக்கும் வேலை. என்னையும் ஒரு ஜோடி அழைத்தது. முதலில் கடையின் விலைப்பட்டியலைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். இருவருக்கும் அப்போதே ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.